கொண்டை ஊசியும் ஒரு சொல்லும்

சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சிறுவன் ஒருவன், பாதையின் 20 வளைவுகளிலும் எதிர்ப்படும் ஆங்கிலப் பலகைகளை ஒன்றுவிடாமல் உரக்க வாசித்துக்கொண்டே வந்து, ஏற்காட்டில் ஒண்டிக்கடையில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘ஹேர்பின் பெண்ட்’ என்ற தொடரை ஒரே பிரயாணத்தில் 20 முறை படித்தாயிற்று. கூட வந்த பாட்டி, “ஹேர்பின்னுன்னா என்ன கண்ணு?” என்று கேட்கிறாள். “ரோடு வளையறது, ஆயா” என்கிறான் அவன், சற்றும் தயங்காமல். அவள் கொண்டையில் செருகியிருக்கும் ஊசிக்கே அப்பெயர் என்பதும், அதன் வளைவைப் பார்த்துத்தான் பாதைக்கு அதை இட்டார்கள் என்பதும் அவனுக்குப் புலப்படவில்லை. நாவில் ஏறிய சொல் இன்னும் அவன் வசமாகவில்லை.

இதைக் கொண்டு, திரும்பத் திரும்பப் படிப்பதே வீண் என்று தீர்ப்பு எழுதிவிடலாகாது. இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 3 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே வாரத்தில் அதே 3 கதைகள் மீண்டும் மீண்டும் வாசிக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்கோ வெவ்வேறு 9 கதைகள். புதுச் சொற்கள் காதில் விழுந்த தடவைகள் இரு சாராருக்கும் சமமாயிருந்தும், கேட்ட கதையையே கேட்டவர்களிடந்தான் சொற்கள் தங்கின. முதல் முறை கதை கேட்கும் குழந்தையின் கவனமெல்லாம் ‘அப்புறம் என்ன’ என்பதிலேயே செலவாகிவிட, மூன்றாம் முறைக்குள் கதை பழகி மனம் ஓய்வு பெற்று, அதுவரை கண்ணில் படாத சொல்லை நின்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது என்று இதற்குக் காரணம் கூறலாம்.

நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிப் போன பீஜித் தீவிலும் கதை வாசிப்பின் பயனுக்கு ஒரு சாட்சியம் உண்டு. வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1980-இல் அங்குள்ள கிராமப் பள்ளிகளில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயின்ற மாணவர்களின் வகுப்புகளுக்கு 250 கதைப்புத்தகங்களை வழங்கிப் படிக்கச் செய்தபோது, அவர்களுடைய வாசிப்புத் திறன் வழக்கமான பாடமுறையில் பயின்றவர்களைக் காட்டிலும் வெகு வேகமாக வளர்ந்தது. அதே எல்லி நியூஸிலாந்தில் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு கதையை ஒரு வாரத்தில் மும்முறை வாசித்துக் காட்டச் செய்து 1989-இல் வெளியிட்ட முடிவின்படி, வெறும் வாசிப்பால் சொல்லறிவில் 15 சதவீத முன்னேற்றமும், இடையிடையே ஆசிரியர் சொற்களின் அர்த்தத்தை ஓரிரு வார்த்தைகளில் விளக்கியபோது 40 சதவீத முன்னேற்றமும் கிட்டின. பலகை படித்த சிறுவனுக்கு வாய்க்காமற்போனது இந்த ஓரிரு வார்த்தைதான்.

ஆயினும் பொருள் தெரிந்துகொள்வது ஒன்று, பிரயோகிப்பது வேறொன்று. ஹுல்ஸ்டைன், லாஃபர் என்னும் இருவர் 2001-இல், நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் உயர்நிலையில் ஆங்கிலம் பயின்ற மாணவர்களிடையே, 10 சொற்களைப் படித்து அறிந்தவர்களையும், கோடிட்ட இடத்தில் நிரப்பியவர்களையும், அவற்றைக் கொண்டு சொந்தமாக எழுதியவர்களையும் ஒப்பிட்டபோது, எழுதியவர்களே சொற்களை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுதப் புகுந்தவன் சொல்லுக்கு எந்தச் சொல் அண்டை, எந்த இடம் பொருத்தம் என்று தானே தேடித் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், அந்தத் தேடலே ஞாபகத்துக்கு ஆணியாகிறது.

எழுதுவதற்கு ஒண்டிக்கடைப் பிள்ளைக்கு விஷயப் பஞ்சமே இல்லை. காப்பிச் செடியில் சிவக்கும் பழமும், மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடியும், பட்டப்பகலில் எதிர்க் கடையையே மறைத்துவிடும் மூடுபனியும் வாசலிலேயே இருக்கின்றன. கதையை மும்முறை வாசித்து, பொருளையும் சொல்லிவிட்ட உபாத்தியாயர், ஐந்து சொற்களைப் பலகையில் எழுதி, “இவற்றை வைத்து உங்கள் ஊரைப்பற்றி எழுதுங்கள்” என்று சொல்லி ஒதுங்கி நின்றால் போதும்.

பஸ்ஸில் வந்த நம் சிறுவன் அந்த வகுப்பில் இருந்தால் என்ன எழுதுவான்? “என் ஆயாவின் ஹேர்பின் தொலைந்துபோயிற்று. சேலம் ரோட்டில் 20 ஹேர்பின் கிடக்கின்றன. ஒன்றுகூட அவள் கொண்டைக்குச் சேராது.” வினைச்சொற்களின் காலம் ஒன்றோடொன்று முரண்படக்கூடும். அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஹேர்பின் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.