75-க்குக் கீழே மட்டும் சிவப்பு: பாண்டாஸ் டேபிளுக்குக் கலர் போடலாம் வாங்க

60 பேர், 6 சப்ஜெக்ட். ஒரு அட்டெண்டன்ஸ் ஷீட்டில் மொத்தம் 360 நம்பர். அதில் 75 சதவீதத்துக்குக் கீழே இருப்பது யார்னு கண்ணாலேயே தேடினால் ரெண்டு பேராவது விட்டுப்போவாங்க. பைத்தானில் பாண்டாஸ் தெரிந்தவர்களுக்கு இது நாலு வரி வேலைதான்.

டேட்டாஃப்ரேம் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து 'ஸ்டைல்' என்று அடித்தால் ஸ்டைலர் என்ற ஆப்ஜெக்ட் கிடைக்கும். இது உங்க டேட்டாவைத் தொடாது. டேபிளை ஹெச்டிஎம்எல் ஆக்கி, அதன் மேல் சிஎஸ்எஸ் பூசிக் காட்டும், அவ்வளவுதான். இதில் தெரிய வேண்டியது மூணு விஷயம்.

முதலாவது 'மேப்'. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பார்க்கும். நீங்க எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு நம்பர் வரும். அது 75-க்குக் கீழே என்றால் சிவப்புக்கான சிஎஸ்எஸ் வரியைத் திருப்பித் தரணும், இல்லைனா காலி ஸ்ட்ரிங். பழைய வீடியோக்களில் இதையே 'அப்ளைமேப்'னு சொல்வாங்க. 2023-ல் வந்த 2.1 வெர்ஷனில் பெயரை மாத்திட்டாங்க.

ரெண்டாவது 'அப்ளை'. ஒரு சப்ஜெக்டில் குறைந்தாலும் அந்த மாணவரின் வரிசை முழுக்கக் கலர் ஆகணுமா? அப்போ ஒரு செல்லை மட்டும் பார்த்தால் போதாது. ஆக்சிஸ் 1 என்று கொடுத்தால் முழு வரிசையும் ஃபங்ஷனுக்கு வரும். கொடுக்கலைனா காலம் காலமா எடுத்துக்கும். வரிசையில் எத்தனை செல்லோ, அத்தனை ஸ்டைல் உள்ள லிஸ்ட்டைத் திருப்பித் தரணும். ஒரே ஒரு ஸ்ட்ரிங் கொடுத்தால் எரர்தான்.

மூணாவது 'சப்செட்'. எந்தப் பகுதிக்கு மட்டும் கலர் என்பதை இதுதான் சொல்லும். பெயர் காலத்தில் இருப்பது எழுத்து. அதையும் 75-ஓட ஒப்பிடப் போனால் டைப் எரர் வரும். அதனால் சப்ஜெக்ட் காலங்களின் பெயர்களை மட்டும் சப்செட்டில் கொடுங்க. குறிப்பிட்ட வரிசைகளையும் சேர்த்துப் பிரிக்கணும்னா 'இண்டெக்ஸ்ஸ்லைஸ்' இருக்கு.

இனிதான் முக்கியமான இடம். தசம புள்ளி வேண்டாம்னு 'ஃபார்மட்' போட்டு பிரிசிஷனை 0 ஆக்கினால், 74.6 என்பது திரையில் 75 ஆகத் தெரியும். ஆனால் அந்த செல் சிவப்பாகவே இருக்கும். ஏன்னா கலரை முடிவு செய்வது உள்ளே இருக்கும் உண்மையான நம்பர். "75 இருக்கே, ஏன் சிவப்பு?"னு குழப்பம் வரும். அதுக்காக டேட்டாவையே ரவுண்ட் பண்ணிடாதீங்க. 74.6 நிஜமாவே 75 ஆகிடும், அந்த மாணவர் ஷார்ட்டேஜ் லிஸ்ட்டிலிருந்தே காணாமல் போவார். ஒரு தசம இடத்தை அப்படியே காட்டுவதுதான் நல்லது.

இன்னொரு கண்ணி, காலி செல். பாண்டாஸில் காலி மதிப்பை 75-ஓட ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்'தான் கிடைக்கும். அதனால் பதிவே ஆகாத அட்டெண்டன்ஸ் எந்தக் கலரும் இல்லாமல், எல்லாம் சரியா இருப்பது போல நிற்கும். 'ஹைலைட்_நல்' போட்டு அதற்கு மஞ்சள் கொடுத்துடுங்க.

சிவப்பு-பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் நம்ம கிளாஸில் இருக்கலாம். கலரோடு எழுத்தையும் போல்டு ஆக்கினால் எல்லோருக்கும் புரியும்.

வெளியே அனுப்பும்போதும் கவனம். எக்செல் ஃபைலாக எடுத்தால் கலர் கூடவே போகும், ஆனா 'ஃபார்மட்'டில் செய்த மாற்றம் போகாது. சிஎஸ்வி என்றால் எதுவுமே போகாது, அது வெறும் எழுத்து.

ஷீட்டை அனுப்பும் முன் 74.6, 75, காலி என மூணு டம்மி வரிசை சேர்த்து ஓட்டிப் பாருங்க. முதலாவது சிவப்பு, ரெண்டாவது வெள்ளை, மூணாவது மஞ்சள் வந்தால் உங்க கோடு ரெடி. டம்மி வரிசைகளை நீக்க மட்டும் மறந்துடாதீங்க!