முள்ளங்கியும் அதன் கீரையும்

டர்னிப் என்னும் கிழங்கு குளிர்தேசத்துக்கு உரியதாகையால், கல்முனை முதல் ஒலுவில் துறைமுகம் வரையிலான வெப்பமான கரையோர ஊர்களின் அடுக்களைகளில், அதன் ஸ்தானத்தை அதே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த முள்ளங்கியே வகிக்கிறது. வட்டமாக அரிந்த கிழங்கை வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, மென்மையுற்றதும் முதற்பாலைச் சேர்த்து, திரிந்துவிடாதபடி இறக்கித் தேசிப்புளி விடுவதே பாற்கறியின் கிரமம்.

கீரையையோ பலர் வெட்டியெறிந்துவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் காரியம் இது. கிழங்கைவிடச் சுண்ணச்சத்து மிகுந்த அவ்விளம் இலைகளை மணல்போகக் கழுவி, நூல்போல் அரிந்து, துருவிய தேங்காய், வெங்காயம், மாசித்தூள், உப்பு சேர்த்து, பச்சைநிறம் மங்குமுன் சுண்டியெடுத்தால், அதன் இலேசான கசப்பு தேங்காயின் இனிமையோடு கலந்து, கீரிமீன் ஆணத்துக்கு அபூர்வமான துணையாகிறது.