மணிக்கு எவ்வளவு, அக்கா?

கல்யாண சீசன் நெருங்கினால் ‘பொழுதுபோக்கைப் பணமாக்கலாம்’ என்று ஒரு கட்டுரை போட்டாக வேண்டும். பத்திரிகை உலகில் இது எழுதாத சட்டம். கேக், டெரகோட்டா நகை, ரெசின் தட்டு, தஞ்சாவூர் ஓவியம் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். நான் பிளவுஸ் எம்ப்ராய்டரியான ஆரி வொர்க்கோடு நின்றுகொள்கிறேன். தாம்பரத்திலும் சரி, தென்காசியிலும் சரி, ‘இங்கு ஆரி கிளாஸ் எடுக்கப்படும்’ என்ற அட்டை தொங்காத தெரு குறைவு. தவிர, ஆசையும் வருமானமும் ஒன்றை ஒன்று எங்கே கடிக்கின்றன என்பது இந்த வேலையில் பளிச்சென்று தெரிகிறது.

ஆரி பிடித்துவிட்டவர்களைக் கல்யாண வீட்டில் சுலபமாக அடையாளம் காணலாம். எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கும்போது இவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். பின்கழுத்தில் ஓடுவது லோட் ஸ்டிட்சா, கட் பீட்ஸா, ஜர்தோசியா, குந்தன் ஒட்டினதா, தைத்ததா? சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகும் பேச்சு அதுதான். மணி வாங்கச் சவுகார்பேட்டைக்குப் போனால் கேட்க வேண்டாம். ஒரு பச்சைக்கு ஆறு பச்சை எடுத்துக் காட்டச் சொல்லி, ஆறையும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வேலையும் அப்படிப்பட்டதுதான். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். சுண்டினால் ‘டொம்’ என்று சத்தம் வர வேண்டும். டிரேசிங் பேப்பரில் டிசைனை வரைந்து, கோடு நெடுக ஊசியால் ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தேய்த்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். பிறகு இரண்டு கையும் இரண்டு உலகம். இடது கை சட்டத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நூலைப் பிடித்திருக்கும். வலது கை மேலிருந்து கொக்கி முனை ஊசியை இறக்கி, நூலை வளையமாக மேலே இழுக்கும். வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி ஓடும். கடைசியில் முடிச்சு மட்டும் சரியாக விழவில்லையென்றால், நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் போதும், மொத்த வரியும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தார் இந்தக் கொக்கி ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்து பேர் வாங்கியவர்கள். இன்று அது நம்மூர் ஹாலில், சோபாவை ஒதுக்கிவிட்டுப் போட்ட ஸ்டாண்டில் ஓடுகிறது.

ஒரு பிரைடல் பிளவுஸ் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணி, ஜர்தோசி, நூல், கல் எல்லாம் 1,200. லைனிங் வைத்துத் தைக்க டெய்லருக்கு 800. மீதி 3,000. ‘பரவாயில்லையே!’ என்று தோன்றும். முதுகு, இரண்டு கை, முன்கழுத்து எல்லாம் நிறைய வேலை என்றால் 60 மணி நேரம் சுலபமாகப் போய்விடும். மணிக்கு 50 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்தால் 400. எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு அந்தக் கூலிக்குச் சித்தாள் வர மாட்டார். இதில் புடவையோடு கலர் மேட்ச் பண்ண அலைந்த பஸ் காசு கிடையாது. ‘அக்கா, மயில் கழுத்து கொஞ்சம் வளையணும்’ என்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருவதற்குப் பதில் சொன்ன நேரம் கிடையாது. கண், கழுத்து, இடுப்பு கணக்கிலேயே வராது.

ஏன் இந்த விலை? போடுகிறவர்களைக் கேட்டால், ‘எப்படியும் சும்மா இருக்கும்போது போடறதுதானே, எனக்கும் பிடிக்கும்’ என்பார்கள். என் கவலையெல்லாம் இந்த ‘பிடிக்கும்’ மேல்தான். பிடித்த வேலைக்குக் கூலி கேட்க நாக்கு கூசுகிறது. அந்தக் கூச்சத்தை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் சொந்தக்காரர்கள். ‘நம்ம பொண்ணுதானே, மெட்டீரியல் காசு மட்டும் வாங்கிக்கோ’ என்று நாத்தனார் சொன்னால், எந்த வீட்டில் மறுத்துப் பேச முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. சென்னையின் சந்துகளில் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கைவினைஞர்களான காரிகர்கள், ஒரே சட்டத்தைச் சுற்றி நான்கு பேராகத் தரையில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இது அரிசி, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம். வீட்டு ஆரிக்காரர் கம்மி விலை சொல்ல முடிவது, கரண்ட் பில்லையும் மளிகையையும் வேறொரு சம்பளம் கட்டிவிடுவதால்தான். அந்தச் சம்பளம் தாங்குகிற விலையைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர், காரிகரிடமும் அதே விலையைக் கேட்கிறார்.

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். எழுத்தாளர் லா.ச.ரா. வங்கி ஊழியராக இருந்தார். இருவரையும் உதாரணம் காட்டி, ‘வேலை ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் ‘எழுத்தில் மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம்’ என்று போஸ்டர் ஒட்டவில்லை.

ஆசைக்குக் கூலி பேசினால் என்ன ஆகும் என்பதற்கு, 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் கொள்ளை ஆசை உள்ள நர்சரிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், படம் போட்டால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். போட்டார்கள், வாங்கினார்கள். ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. குழந்தைகளுக்காவது சான்றிதழ் கையில் வந்தது. நம் அக்காக்களுக்கு ஆசையும் போய், காசும் சரியாக வருவதில்லை.

ஆரியில் சம்பாதித்து ஸ்கூட்டர் வாங்கியவர்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. விசாரித்துப் பார்த்தால் அவர்களில் பலருக்குக் காசு வந்தது பிளவுஸில் அல்ல, கிளாஸில். ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு ஃபீஸ், ஸ்டாண்டும் கிட்டும் தனி. படித்து முடித்தவர்களில் நாலு பேர் அதே ஏரியாவில் இன்னும் 500 குறைத்து ஆர்டர் பிடிப்பார்கள். அதிலும் கட்டுப்படியாகாமல் அவர்களும் ஒருநாள் கேட்டில் அட்டை மாட்டுவார்கள். ஆடியும் மார்கழியும் வந்தால் ஆர்டர் படுத்துவிடும். அந்த மாதங்களில் கிளாஸ்தான் காப்பாற்றும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஒருவர் வேறு மாதிரி செய்கிறார். ஊசியைக் கையில் எடுத்ததும் செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுகிறார், எழுந்தால் நிறுத்துகிறார். பில்லில் மெட்டீரியல் ஒரு வரி, தையல் ஒரு வரி, ‘கை வேலை, இத்தனை மணி’ என்று ஒரு வரி. மணிக்கு 120. பாதி அட்வான்ஸ் வராமல் டிரேசிங் பேப்பரைத் தொடுவதில்லை. சொந்தக்காரர்களுக்கும் அதே பில்தான். தள்ளுபடி வேண்டுமென்றால் மூன்றாவது வரியில் மணியைக் குறைத்துக்கொள்ளலாம், அதாவது வேலைப்பாடு குறையும். ரேட்டைச் சொன்னதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள், பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்டுக்கொள்கிறார்கள் என்றார்.

“வருத்தமா இல்லையா?” என்றேன்.

“போகட்டும் சார். நாத்தனாரும் அங்கதான் போட்டாங்க.”