என்ஜினா? ஸ்டேஷனா?

ரெயில்வே வேலை என்றால் பல வீடுகளில் தனி மதிப்பு. அதிலும் இரண்டு வேலைகள் மீதுதான் வாலிபர்களுக்குக் கண். ஒன்று, என்ஜின் டிரைவர் வேலை. மற்றொன்று, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை.

டிரைவர் இல்லாமல் ரெயில் ஓடாது. ஸ்டேஷன் மாஸ்டர் வழி விடாமல் அது நகராது!

இந்த இரண்டில் எதில் வருமானம் அதிகம்? எதில் இடம் கிடைக்கும்?

படிப்பு என்ன?

ஸ்டேஷன் மாஸ்டர் ஆகப் பட்டம் வேண்டும். எந்தப் பட்டம் ஆனாலும் சரி.

என்ஜினில் ஏறப் பட்டம் தேவை இல்லை. பத்தாம் வகுப்போடு, ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில் படித்திருந்தால் போதும். டிப்ளமா படித்தவர்களும், என்ஜினீயர்களும் கூடச் சேரலாம்.

ஆனால், எடுத்தவுடன் ரெயிலை ஓட்டச் சொல்ல மாட்டார்கள். முதலில் உதவி டிரைவர்தான். "உதவி லோகோ பைலட்" என்பது அவருடைய இன்றைய பெயர்.

சம்பளம்

2024-ம் ஆண்டு அறிவிப்பில் ஸ்டேஷன் மாஸ்டரின் தொடக்கச் சம்பளம் 35,400 ரூபாய். உதவி லோகோ பைலட்டுக்கு 19,900 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி.

வித்தியாசம் 15,500 ரூபாய்!

இதைப் பார்த்து ஐ.டி.ஐ. படித்தவர் மனம் தளர வேண்டாம். என்ஜினில் "மைலேஜ்" உண்டு. வண்டி ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கிடைக்கும் படி அது. அதோடு இன்னொரு லாபமும் இருக்கிறது. அகவிலைப்படியைக் கணக்கிடும்போது, அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். 19,900 ரூபாயை 25,870 ரூபாயாக வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

பதவி உயர்வு

உதவி டிரைவர் அடுத்து சீனியர் ஆகிறார். 25,500 ரூபாய்ப் படிக்கு வருகிறார். பிறகு சரக்கு ரெயிலை ஓட்டுகிறார். அப்போது அவர் படி 35,400 ரூபாயில் தொடங்குகிறது. அதன் பின் பாசஞ்சர் வண்டி, மெயில் வண்டி!

ஸ்டேஷன் மாஸ்டர் சேரும் முதல் நாளே நிற்கும் படிக்கு, டிரைவர் பல வருடம் உழைத்துத்தான் வருகிறார். ஆனால் அங்கே வந்த பிறகு, அதே அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஸ்டேஷன் மாஸ்டரை விட, மைலேஜ் சேர்த்து, டிரைவர் கையில் அதிகப் பணம் புரளும்.

இடம் எத்தனை?

2024-ல் இந்தியா முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஸ்டேஷன் மாஸ்டர் இடங்கள் 994. உதவி லோகோ பைலட் இடங்கள், பின்னர் கூட்டப்பட்டதையும் சேர்த்து 18,799.

வாசல் எது பெரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

கண் முக்கியம்!

பரீட்சையில் தேறினாலும், டாக்டர் முன் தோற்பவர்கள் உண்டு. டிரைவருக்குக் கண்ணாடி இல்லாமலே இரண்டு கண்களிலும் முழுப் பார்வை வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சிறிது சலுகை உண்டு. ஆனால் அவரும் கண்ணாடி இல்லாமலே பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை தெரியாதவர்களுக்கு இரண்டு வேலையும் இல்லை. கண்ணாடியைத் தவிர்க்க "லேசர்" சிகிச்சை செய்துகொண்டவர்களையும் எடுப்பதில்லை.

ஆகவே, விண்ணப்பம் போடும் முன்பே கண் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. புத்தகத்துக்கும், பயிற்சி வகுப்புக்கும் செலவிடும் பணம் வீணாகாது.

தூக்கம் போகும்

டிரைவருக்கு இரவு, பகல் கிடையாது. நடு இரவில் அழைப்பு வரும். வெளியூர் ஓய்வறையில் படுக்க வேண்டும். தீபாவளியன்றும் வண்டி ஓடும். என்ஜினில் கழிவறை வைப்பதே 2016-ல்தான் தொடங்கியது. பெண் டிரைவர்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்ல வேண்டியது இல்லை. அப்படியும் சுரேகா யாதவ் என்ற பெண்மணி 2023-ல் வந்தே பாரத் ரெயிலை ஓட்டிக் காட்டினார்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கும் இரவு வேலை உண்டு. சில சின்ன ஸ்டேஷன்களில் 12 மணி நேரம் கூட வேலை. ஆனால் முறை முடிந்தால் வீடு திரும்பலாம். பிள்ளைகள் முகம் பார்க்கலாம்.

பொறுப்பு மட்டும் இருவருக்கும் சமம். ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும், மற்றவர் தவறாக வழி விட்டாலும் ஆபத்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு!

எது நல்லது?

பட்டம் இருந்து, குடும்பத்தோடு இருக்க விரும்புகிறவர் ஸ்டேஷன் மாஸ்டர் பரீட்சை எழுதலாம். கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ. படித்து என்ஜினில் ஏறலாம். மாதச் சம்பளத்தில் ஸ்டேஷன் மாஸ்டரையும் எட்டிப் பிடிக்கலாம். அந்த வருமானம் கண் விழித்துச் சம்பாதிப்பது. வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்புவது நல்லது.