உஷார்! மெஷினைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பின்பக்கம் போகாதீர்கள்

"மாமா, இது பவுணா பித்தளையா, பாத்துச் சொல்லுங்க" என்று லுணுகலையில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கைக்குட்டையை விரித்தான். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தகடு, மேலே ஒரு ஓட்டை. யாரோ கொடுத்த மெட்டல் டிடெக்டரை வைத்து, இடிந்த பழைய லயத்தின் பின்பக்கம் இரவில் கிண்டி எடுத்தானாம். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளையும் இந்த வேலையில் இறங்கியிருந்தால் இன்றைக்கே தடுத்துவிடுங்கள்.

முதலில் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்று நம்பத்தக்க எதுவும் தொல்பொருள்தான். கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள் அது. காசானாலும் விளக்கானாலும் உடைந்த மணியானாலும் சரி, கண்டெடுத்தவனுக்குச் சொந்தமாகாது. தொல்பொருளைத் தேடி மண்ணைத் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்த வீட்டுத் தோட்டத்தில் தோண்டினாலும் அப்படித்தான். நம்மில் பலருக்கோ தோட்டக் காணியில் ஒரு அடிகூடச் சொந்தமில்லை. பிடிபட்டால் விளக்கமறியல், வழக்கு, நாட்கூலி இழப்பு. "ஆயுசுக்கும் சோறு" என்று ஆசை காட்டி அழைத்துப்போனவன், ஜீப் வெளிச்சம் விழுந்ததும் முதல் ஆளாக ஓடியிருப்பான்.

எங்கள் ஊவா மாகாணத்தில் இந்த ஆசை சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. 1817–18 கிளர்ச்சியில் வெள்ளைக்காரப் படை இந்த மலைகளில் ஊர்களை எரித்தது. பசறை, லுணுகலை வழியாக பிபிலைக்கு இறங்கும் பாதை போய்ச் சேருவதே அந்தக் கிளர்ச்சி வெடித்த வெல்லஸ்ஸவுக்குத்தான். ஓடிய சனம் புதைத்துவிட்டுப் போன பொன் இன்னும் கிடக்கிறது என்ற கதையைக் கேட்காத காது இங்கே இல்லை. அந்தக் கதையை வைத்துத்தான் ஏமாற்றுக்காரனும் வருகிறான். "பெக்கோ வெட்டும்போது கிடைத்தது" என்று ஒரு துண்டைக் காட்டுவான். அதைத் தட்டானிடம் உரசிப் பார்த்தால் அசல் பொன்னாகவே இருக்கும். அடகு வைத்த காசைக் கொடுத்து நாம் வாங்கும் மிச்ச மூட்டைதான் பித்தளை.

அதைவிடப் பயங்கரம், மெஷின் சத்தம் போடும் எல்லாமே காசு அல்ல. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி வெல்லவாய பொலிஸ் நிலையம் கிளர்ச்சிக்காரரால் தாக்கப்பட்ட மாகாணம் இது. 1988–89 கிளர்ச்சிக் காலத்தையும் பார்த்தது. யார் எதை எங்கே ஒளித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? துருப்பிடித்த குழாய் மாதிரியோ, முனை கூம்பியோ, உருண்டையாகக் கைக்கு மீறிய பாரத்துடனோ ஏதாவது தென்பட்டால் தட்டாதீர்கள், தூக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விலகி நின்று 119க்கு அழையுங்கள்.

மலைச்சரிவில் குழி வெட்டுவதும் உயிரோடு விளையாடுவதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்க முடியுமா?

சரி, மரக்கறிப் பாத்தி கொத்தும்போது தற்செயலாக ஒன்று கிடைத்துவிட்டது. என்ன செய்வது? புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பில் படியும் பச்சையும் வெள்ளியில் படியும் கறுப்பும் அழுக்கு அல்ல. தேய்த்தால் எழுத்தும் அதோடு போகும். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படம் எடுத்து, கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ உடனே சொல்லுங்கள். வீ, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் பின்னிக் கிடந்தால் அது ஒல்லாந்தர் கம்பெனிக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் இருந்தால் பொலநறுவைக் காலத்துச் செப்புக் காசாக இருக்கலாம். ராணி தலையும் தாளிப்பனையும் இருந்தால் 1870 அல்லது அதற்குப் பிந்தியது. சட்டம் சொல்லும் எல்லைக்கு இந்தப் பக்கம்.

பையன் கொண்டுவந்த தகடும் எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பொருள்தான் என்று பட்டது. இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த நம் பாட்டன் பூட்டன்மாருக்கு, எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் பொறித்த உலோகத் தகட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். இது அதுவாக இருக்கலாம் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. வரும் முன்னே புளி போட்டு நன்றாகத் தேய்த்திருந்தான். எழுத்து போய்விட்டது. எண்ணில் ஒரு 4 மட்டும், சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

இடிந்த லயத்து மண்ணை மெஷின் கொண்டு கிண்டுகிறவனுக்கு இது பழைய இரும்புக் கடைச் சாமான். நம்மிடம் பூட்டனின் பெயரைச் சொல்லும் கடதாசி எத்தனை வீட்டில் இருக்கிறது? மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினேன். தகட்டைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, அந்த லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்க, ஓய்வு பெற்ற கங்காணித் தாத்தா வீட்டுக்கு இப்போது போயிருக்கிறான்.