கோடிட்ட இடம் காலி!

வாத்தியார் இல்லாத வகுப்பில் மாணவனைக் கேள்வி கேட்பது யார்?

கொச்சியின் கலூர் என்றதும் கால்பந்து ரசிகர்களுக்கு ஸ்டேடியம் நினைவுக்கு வரும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கோ இக்னோவின் மண்டல மையம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தினசரி வகுப்பு கிடையாது. பாடம் மாணவரைத் தேடி வரும். படிக்கச் சொல்லி அதட்ட மட்டும் ஆள் இல்லை.

கணக்கு என்னவோ சுலபம். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பாடத்தை ஆறு மாதத்தில் முடிக்க, தினம் ஒரு மணி நேரம். ஜவுளிக் கடையில் இரவு ஒன்பது வரை நிற்பவருக்கும் ஷிஃப்ட் மாறும் நர்ஸுக்கும் அந்த ஒரு மணி நேரமே பெரும்பாடு.

எனவே குறுக்கு வழி. பெரும்பாலான பாடங்களில் ஒப்படைப்புக் கட்டுரைகளுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். ரெடிமேட் விடைகள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி நகலெடுத்தால் 30 பத்திரம். ஆனால் தேர்வு அறையில் 70 காத்திருக்கிறது.

இத்தனைக்கும் மருந்து பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இடையிடையே சில கேள்விகள், கீழே விடை எழுதக் கோடுகள். அவற்றைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

தாண்டுவதால் என்ன நஷ்டம்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு சுற்றுப் படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவே முன்னணி. ஒரு வாரம் கழித்தோ அவர்கள் நினைவில் 40 சதவீதம். எழுதியவர்கள் நினைவில் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

கேரளத்துக்கு மட்டுமான சேதி அல்ல இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. எங்கே சேர்ந்தாலும் ஊக்கம் முதல் மாதத்தில் பொங்கும், மூன்றாம் மாதத்தில் வடியும். வடிந்த பிறகு கைகொடுப்பது பழக்கம்தான்: இன்ன நேரம், இன்ன பக்கம், புத்தகத்தை மூடி ஒரு கேள்விக்கு விடை. தவறான விடையும் லாபமே. நாளை எங்கே தொடங்குவது என்று அது காட்டிவிடும்.

வாத்தியார் இல்லாமல் இல்லை. அந்தக் காலிக் கோடுகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்.