மலையேறும் வண்டி இடையிடையே திணறுவது ஏன்?

சேலத்திலிருந்து ஏர்க்காடு செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கத்தினர்களின் காப்பி மூட்டைகளை இச்சாலை வழியே இறக்கவும், உர மூட்டைகளை மேலேற்றவும் ஒரு சங்கம் வைத்திருக்கும் பழைய பெட்ரோல் ஜீப்பின் செலவுக் கணக்கை நாம் பார்வையிட நேர்ந்தது. பிளக்குகள் மாற்றியதற்கு ஒரு ரசீது. கார்புரேட்டர் கழுவியதற்கு மற்றொன்று. புதிய பெட்ரோல் பம்புக்கு மூன்றாவது. இத்தனைக்குப் பின்னும் வண்டி பாதி மலையில் திணறி நின்றது. அரை மணி நேரம் ஓய்ந்தால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிவிடும். பட்டறையில் காலைக் குளிரில் முடுக்கிப் பார்த்தவர்களுக்கோ குறையே தென்படவில்லை. செலவில் நேர்மைக் குறைவு ஏதும் இல்லை. ஆனால் மூன்று பொருள்களும் ஊகத்தின் பேரில் வாங்கப்பட்டவை.

பட்டறைக்காரர்கள் 'மிஸ்ஸிங்' என்று கூறும் இக்குறை, சிலிண்டரிலுள்ள பெட்ரோலும் காற்றும் உரிய கணத்தில் தீப்பற்றாமற் போவதேயாகும். தறியில் அமரும் அங்கத்தினர்களுக்கு இதன் ஆராய்ச்சி முறை புதிதன்று. ஒரே இழை மீண்டும் மீண்டும் அறுந்தால் அவ்விழை செல்லும் விழுதையும் அச்சுப் பல்லையும் பார்க்கிறோம். இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுந்தாலோ பாவுக்கு இட்ட கஞ்சியைச் சந்தேகிக்கிறோம். என்ஜினிலும் அவ்வாறே. அது மெதுவாக ஓடுகையில், காப்பிட்ட இடுக்கியால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அதன் பிளக், கம்பி, வால்வு ஆகியவற்றைப் பார்த்தாற் போதும். குறை சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறினால், எல்லாவற்றுக்கும் பொதுவான காயில், காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் வழி ஆகியவற்றில் ஒன்றே காரணம்.

அடுத்த கேள்வி, எப்போது என்பது. சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில் மட்டும் திணறினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விரிசலோ பழைய கம்பியோ மின்சாரத்தைக் கசியவிடுகிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலப் பொறிகள் ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். பள்ளங்களில் குலுங்கும்போது மட்டும் வந்தால் இணைப்பு தளர்ந்திருக்கும்.

மேற்கூறிய ஜீப் சூடேறிய பின்னரே திணறியது. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். ஏனெனில் அரை மணி ஓய்வில் தாமே சரியாகும் குறைகள் ஒன்றல்ல. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகித் தடைபடலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95 டிகிரியளவில் கொதித்துவிடும்; பெட்ரோலும் எளிதில் ஆவியாகும். டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கப்படும் ஓசையுடன் வண்டி தெளிந்துவிடும். ஆனால் பெட்ரோல் குறைவு பெரும்பாலும் இளைத்து இளைத்து வரும். மின்பொறிக் குறையோ சாவியைத் திருப்பியதுபோல் சட்டென வெட்டும்.

டிரைவரிடம் இதைக் கேட்டோம். "வெட்டி வெட்டி விடும், சார்" என்றார். அடுத்த முறை நின்றதும், சமமான இடத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, டாங்கி மூடியைத் திறந்து பார்த்தார், பயனில்லை. பெட்ரோல் கசிவு இல்லையென உறுதிசெய்து, ஓர் உபரிப் பிளக்கை என்ஜின் உடலில் படுமாறு வைத்துச் சுழற்றியபோது, நீலமாகப் பாய வேண்டிய பொறி மஞ்சளாய் மெலிந்து வந்தது. காயிலில் கை வைக்க முடியவில்லை. உள்ளே பழுதுபட்ட காப்பு சூட்டில் விட்டு, குளிர்ந்ததும் கூடிக்கொண்டது. காயிலை மாற்றிய பின் ஜீப் நிற்கவில்லை. பழைய பிளக்குகள் பெட்டியில் பத்திரமாக உள்ளன. அவற்றில் குறையொன்றும் இல்லை!

வில்லிஸ் வழிவந்த நான்கு சிலிண்டர் ஜீப்பில் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம். இவற்றை முதலில் அளப்பதற்குச் செலவில்லை. மேலும், 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். ஆகவே அக்குழாய்களையும் பார்த்து மாற்றுவது நலம்.

அச்சங்கத்தின் வண்டிப் பதிவேட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது: நின்ற வளைவு, ஓடிய நேரம், பனியா வெயிலா, சுமை எவ்வளவு. உதிரிப் பாகத்துக்கான ரசீதில் கையொப்பமிடுமுன் செயலாளர் அப்பத்தியைக் கேட்டுப் பார்க்கிறார்.